மேகமில்லாத வானத்திலிருந்து விழும் பனி

தென் துருவத்தில் இருக்கும் அமுன்ட்சென்–ஸ்காட் நிலையத்தில் 1957 முதல் ஒரு குளிர்காலமும் விடுபடாமல் வானிலைக் குறிப்பு எழுதப்பட்டுவருகிறது. உலக வானிலை அமைப்பின் குறியீட்டு அட்டவணையில் 76 என்ற எண்ணுக்குரிய நிகழ்வு அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும். தலைக்கு மேல் மேகம் இல்லை. சூரியனோ நிலவோ விண்மீன்களோ தெளிவாகத் தெரிகின்றன. ஆனாலும் காற்றெங்கும் நுண்ணிய பனிப்படிகங்கள் மிதந்து, மின்னி, மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. வானிலையாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வைரத்தூள்.

இந்தப் படிகங்களில் பெரும்பாலானவை 20 முதல் 200 மைக்ரான் வரையான அளவுடையவை. நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில்தான் விழுகின்றன. நூறு மீட்டர் உயரத்தில் உருவான ஒரு படிகம் தரையைத் தொடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரு முழு நாள் பெய்தாலும் சாதாரண மழைமானி எதையும் காட்டாது. இத்தனை அற்பமாகத் தோன்றும் ஒன்றுக்கு என்ன முக்கியத்துவம் என்ற கேள்வியை இருநூறு ஆண்டுகளாக மூன்று வகையான மனிதர்கள் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் அதன் ஒளியைப் பார்த்தார்கள். அடுத்து வந்தவர்கள் அது பூமியின் வெப்பக் கணக்கில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். கடைசியாக வந்தவர்கள் அதன் எடையை அளக்க முனைந்தார்கள். மூன்று கேள்விக்கும் கிடைத்த விடைகள் ஒன்றுபோல் இல்லை. வடக்கே கிடைத்த விடை தெற்கே பொருந்தவும் இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் இந்தக் கட்டுரை பேச விரும்புகிறது.

முதலில், இது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். மைனஸ் 40 டிகிரியில், பனிக்கட்டியுடன் சமநிலையில் இருக்கும் காற்றில் அது 0.12 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. மைனஸ் 60-இல் 0.011 கிராம்தான். ஆகவே துருவக் குளிரில் காற்று கொஞ்சம் குளிர்ந்தாலே போதும், தாங்க முடியாத ஈரம் படிகமாக வெளியேற வேண்டியிருக்கிறது. வழக்கமான மேகம் உருவாக ஈரக்காற்று மேலெழுந்து, விரிந்து, குளிர வேண்டும். வைரத்தூளுக்கு அந்த எழுச்சி தேவையில்லை. நீண்ட துருவ இரவில் பனித்தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டிய காற்று முதலில் குளிரும். உயரே போகப் போகக் காற்று சூடாக இருக்கும். இந்தத் தலைகீழ் அடுக்கு அண்டார்டிகப் பீடபூமியில் மிகக் கடுமையானது. பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையத்தில், தரையிலிருந்து பத்து மீட்டர் ஏறுவதற்குள் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் கூடிவிடும் நாட்கள் உண்டு. தொலைவிலுள்ள கடலிலிருந்து வரும் சற்றே ஈரமான காற்று இந்த அடுக்கின் மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. நின்ற இடத்திலேயோ மெல்ல இறங்கியபடியோ குளிர்கிறது, கீழுள்ள கடுங்குளிர்க் காற்றோடு கலக்கிறது, படிகங்களை உதிர்க்கிறது.

மைனஸ் 60 டிகிரியில் ஒரு கிலோமீட்டர் உயரக் காற்றுத் தூணில் உள்ள நீராவி முழுவதையும் பிழிந்தாலும் ஒரு சதுர மீட்டருக்குப் பதினோரு கிராம்தான் தேறும். தண்ணீராகக் கணக்கிட்டால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆகவே நாள் கணக்கில் தொடரும் வைரத்தூள் உள்ளூர்க் காற்றின் சேமிப்பிலிருந்து வருவதாக இருக்க முடியாது. கடலிலிருந்து ஓயாமல், கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் வந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது.

படிகம் பிறப்பதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த காற்றில் நீர்த்துளிக்கும் பனிக்கட்டிக்கும் வெவ்வேறு தெவிட்டல் அளவுகள். மைனஸ் 40-இல் நீரைப் பொறுத்துத் தெவிட்டிய காற்று, பனிக்கட்டியைப் பொறுத்து ஏறத்தாழ 47 சதவீதம் அதிகமாகத் தெவிட்டியிருக்கும். துளியும் படிகமும் அருகருகே இருந்தால் துளி ஆவியாகும், படிகம் வளரும். இந்த உண்மையின் முக்கியத்துவத்தை 1911-இல் வெளிவந்த தன் நூலில் எடுத்துக்காட்டியவர் கிரீன்லாந்தில் குளிர்காலங்களைக் கழித்திருந்த ஆல்ஃபிரட் வெகனர். கண்டப்பெயர்ச்சிக் கொள்கைக்காக நாம் அறிந்த அதே வெகனர்தான். சுத்தமான நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கும். அதற்கு முன்பே உறைய வேண்டுமானால் மண் துகள் போன்ற ஒரு பனிக்கரு தேவை. தென் துருவக் காற்று உலகின் மிகத் தூய காற்றுகளில் ஒன்று. கருக்கள் அரிது. அதனால் ஈரம் தெவிட்டல் எல்லையைத் தாண்டியும் படிகமாகாமல் காற்றிலேயே தங்கிவிடுகிறது. இந்த அதிதெவிட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளையும் கணினி மாதிரிகளையும் பின்னால் ஏமாற்றப்போவது இதுதான்.

படிகங்களின் வடிவம் வெப்பநிலைக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும் என்பதை ஆய்வகத்தில் காட்டியவர் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் உகிச்சிரோ நகாயா. 1936-இல் முயல் மயிரின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த பிறகு, எந்த நிலையில் தட்டு, எந்த நிலையில் தூண் என்று அவர் வகுத்த வரைபடம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் அண்டார்டிகக் குளிர் அவருடைய ஆய்வகத்தைவிடக் கடுமையானது. 1960-களின் தொடக்கத்தில் பேர்டு நிலையத்தில் ஷிமிசு என்ற ஜப்பானிய ஆய்வாளர் அகலத்தைவிடப் பல மடங்கு நீளமான தூண் படிகங்களைக் கண்டு விவரித்தார். அவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இனி ஒளி. ஆறுமுகப் பனிப்படிகத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள இரு பக்கங்கள் தமக்குள் 60 பாகைக் கோணம் அமைக்கின்றன. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் மிகக் குறைந்த விலகல் ஏறத்தாழ 22 பாகை வரும். சூரியனைச் சுற்றி நாம் காணும் பரிவேடத்தின் ஆரம் அதுதான். வெப்ப நாடுகளில் அதை உயரமான கீற்று மேகங்கள் உண்டாக்குகின்றன. துருவத்தில் அதே வேலையை, பார்ப்பவரின் முகத்துக்கு எதிரே மிதக்கும் படிகங்கள் செய்கின்றன. படிகங்கள் தாறுமாறாகப் புரண்டால் வட்டம் மட்டும் தெரியும். தட்டுகள் கிடைமட்டமாக மிதந்தால் சூரியனின் இருபுறமும் போலிச் சூரியன்கள் தோன்றும். தூண்கள் படுத்த நிலையில் விழுந்தால் வட்டத்தின் உச்சியைத் தொட்டுச் செல்லும் வில் தோன்றும். ஆக, வானத்தில் தெரியும் கோலத்தை வைத்தே காற்றில் உள்ள படிகத்தின் வடிவத்தையும் அது மிதக்கும் நிலையையும் சொல்லிவிடலாம்.

வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்ற வில்லியம் எட்வர்டு பாரி, மெல்வில் தீவில் கப்பல்கள் உறைந்து நின்றிருந்தபோது, 1820 ஏப்ரல் 8 அன்று தான் கண்ட பரிவேடக் காட்சியை வரைந்துவைத்தார். அதில் முன்பு யாரும் குறித்திராத ஒரு வில் இருந்தது. தூண் படிகங்கள் படுத்திருப்பது மட்டும் போதாது, அவற்றின் ஒரு பக்கம் துல்லியமாகக் கிடைமட்டத்தில் இருந்தால்தான் அந்த வில் தோன்றும். அவ்வளவு கச்சிதமாக ஒரு படிகம் எப்படி விழ முடியும் என்பது இன்றும் ஒளியியலாரை யோசிக்கவைக்கிறது. அதற்கு முப்பது ஆண்டு முன்பு, 1790-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வானில் தோன்றிய பெரும் காட்சியை டோபியாஸ் லோவிட்ஸ் வரைந்திருந்தார். அவர் பெயரிலும் வில்கள் உண்டு. வெகனர் பெயரிலும் ஒன்று உண்டு. 1995-இல்கூட ஃபின்லாந்தின் யார்மோ மொய்லானென் புதிய வில் ஒன்றைப் படம்பிடித்தார். பனிச்சறுக்குத் திடல்களில் செயற்கைப் பனி தூவும் எந்திரங்களுக்கு அருகே உருவாகும் படிக மூட்டத்தில் அது பலமுறை காணப்பட்டிருக்கிறது. அதை உண்டாக்கும் படிகத்தின் வடிவம் பற்றி முடிந்த முடிவு இன்னும் இல்லை. இந்தத் துறையில் வால்டர் டேப் தென் துருவத்தில் செய்த பணி தனித்துச் சொல்லத்தக்கது. பரிவேடத்தைப் படம்பிடித்த அதே நேரத்தில் அதை உண்டாக்கிய படிகங்களையும் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தார். வானத்தில் தெரிந்த வில்லுக்கும் கையில் கிடைத்த படிகத்துக்கும் நேரடித் தொடர்பை நிறுவ வைரத்தூள்தான் வழி. கீற்று மேகத்தில் இது எளிதில் நடக்காது.

ஒளி வழியாக வந்த கண்டுபிடிப்புகளில் என்னை அதிகம் ஈர்ப்பது ஜார்ஜ் சிம்ப்சன் சொன்னது. சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்த சிம்ப்சன், ஸ்காட்டின் கடைசிப் பயணத்தில் வானிலையாளராகச் சேர்ந்து 1911-இல் அண்டார்டிகாவில் இருந்தார். கடுங்குளிரில் தோன்றிய மூடுபனியில் அவர் மூடுபனி வில்லைக் கண்டார். அது கோளவடிவ நீர்த்துளிகளால் மட்டுமே உண்டாகக் கூடியது. பனிப்படிகமாக இருந்திருந்தால் பரிவேடம் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு குளிரிலும் காற்றில் திரவ நீர் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து வட துருவ ஆய்வில் எழுந்த பெரிய குழப்பம் இதே இடத்தில்தான் முளைத்தது.

அதற்குள் போகுமுன் வைரத்தூளின் நெருங்கிய உறவினரான படிக மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 35-க்குக் கீழே போகும்போது தெருக்கள் வெண்மூட்டத்தில் மறையும். கார்ல் பென்சன் 1960-களில் இதை முறையாக ஆராய்ந்து, இது காற்று மாசின் ஒரு வடிவம் என்று நிறுவினார். ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1.4 கிலோ நீர் வெளியாகிறது. மைனஸ் 40-இல் அந்த நீர் பதினோராயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட வறண்ட காற்றைத் தெவிட்டவைக்கப் போதும். கார்களின் புகைக்குழாய், வீடுகளின் புகைபோக்கி, மின்நிலையத்தின் குளிரூட்டுக் குளம் ஆகிய எல்லாமே இதற்கு ஈரம் தருகின்றன. திடீரென உறைவதால் படிகங்கள் மிகச் சிறியவை. ஒழுங்கான முகங்கள் வளர நேரமில்லை, அதனால் வைரத்தூளின் மினுமினுப்பும் இல்லை. எண்ணிக்கையோ மிக அதிகம். பார்வைத்தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும். சைபீரியாவின் யாகுட்ஸ்க் மக்களுக்கும் இது பழகிய குளிர்கால அனுபவம். கனடாவின் யெல்லோநைஃபில் 2010–11 குளிர்காலத்தில் இஸ்மாயில் குல்டெபே குழுவினர் நடத்திய கள ஆய்வு விமானப் போக்குவரத்தை மனத்தில் வைத்தே நடந்தது. வைரத்தூளையும் படிக மூடுபனியையும் பிரிக்கும் கோடு எப்போதும் தெளிவாக இல்லை. ஆனால் ஒன்று பெரும்பாலும் இயற்கை, மற்றது பெரும்பாலும் நாம் செய்தது.

வெப்பக் கணக்குக்கு வருவோம். வட துருவக் கடலின் குளிர்கால வானிலைப் பதிவுகளில் பனிப்படிகம் மிக அடிக்கடி பதிவாகியிருந்தது. ஜூடித் கறியும் அவருடைய சகாக்களும் 1990-இல் ஆர்க்டிக்கின் கீழ்வளிமண்டலப் படிகங்கள் பற்றிக் கிடைத்த சான்றுகளைத் தொகுத்து, இவை தரையை நோக்கி அனுப்பும் அகச்சிவப்புக் கதிர் பொருட்படுத்தத்தக்கது என்று சுட்டினார்கள். கடற்பனியில் பிளவு ஏற்படும்போது திறந்த நீரிலிருந்து எழும் ஆவி, படிகப் புகையாகச் சில கிலோமீட்டர் உயரம் வரை எழுவதை விமானத்தில் பொருத்திய லைடார் (லேசர் ஒளியால் அளக்கும் கருவி) காட்டியிருந்தது. மேகம் தரைக்குப் போர்வையாக இருப்பதுபோல், கண்ணுக்குத் தெரியாத இந்தப் படிகங்களும் கடற்பனிக்குப் போர்வையாக இருக்கின்றன என்ற எண்ணம் வலுத்தது. மாதிரிகளில் இதை எப்படிச் சேர்ப்பது என்ற பேச்சும் தொடங்கியது.

எரிக் ஜிரார், ஜான்-பியர் பிளான்ஷே ஆகியோர் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் குளிர்காலத்தில் ஆர்க்டிக்குக்கு வரும் கந்தக மாசு, பனிக்கருக்களின் மேல் அமிலப் பூச்சாகப் படிந்து அவற்றின் உறைவிக்கும் திறனைக் கெடுக்கிறது. கருக்கள் குறைந்தால் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாகி, விரைவில் விழுந்துவிடும். காற்று உலர்ந்துபோகும். உலர்ந்த காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடும். அப்படியானால் தரை மேலும் குளிரும். அழகான வாதம் இது. மாசு ஒரு பகுதியைச் சூடாக்குவதற்குப் பதில் குளிரவைக்கும் வழி. ஆனால் இதன் வலிமை முழுவதும், காற்றில் உண்மையில் எவ்வளவு படிகம் இருக்கிறது என்ற எண்ணைச் சார்ந்தது. அந்த எண்ணோ குளிர்கால இருளில் மனிதர்கள் எழுதிய குறிப்புகளிலிருந்து வந்தது.

1997 அக்டோபரில் டெ குரோசெலியே என்ற கனடியப் பனியுடைப்புக் கப்பலை போஃபோர்ட் கடலில் வேண்டுமென்றே உறையவிட்டு, ஓராண்டு பனியோடு மிதக்கவைத்தார்கள். ஷீபா எனப்பட்ட அந்த முயற்சியில், கப்பலின் மேல்தளத்தில் லைடாரும் ரேடாரும் இரவும் பகலும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. லைடார் ஒளியை நீர்த்துளி சிதறடித்தால் அதன் முனைவாக்கம் அப்படியே இருக்கும். படிகம் சிதறடித்தால் மாறிவிடும். ஆக, இருட்டில் கண்ணால் பிரிக்க முடியாததைக் கருவி பிரித்துவிடும். 2004-இல் ஜேனட் இன்ட்ரியேரியும் மேத்யூ ஷூப்பும் வெளியிட்ட முடிவுகள் முந்தைய எண்ணத்தைத் தலைகீழாக்கின. நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை வைரத்தூள் இருந்தது 13 சதவீத நேரம்தான். அது இருந்தபோதும் தரைக்கு வந்த கதிர்வீச்சு, தெளிந்த வானத்தில் வருவதிலிருந்து சொல்லத்தக்க வேறுபாடு இன்றி இருந்தது. பார்வையாளர்கள் வைரத்தூள் என்று எழுதிய பல நேரங்களில், மேலே மெல்லிய திரவ நீர் மேகம் இருந்திருக்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைத்தது அந்த மேகம். விளக்கொளியில் மின்னிய படிகங்கள் பெரும்பாலும் அதிலிருந்து உதிர்ந்தவையே. துருவ இரவில் மேலேயுள்ள மேகம் தெரியாது, கீழே மின்னும் படிகம் தெரியும். சிம்ப்சன் 1911-இல் எழுப்பிய எச்சரிக்கை இதுதான்: குளிராக இருக்கிறது என்பதற்காகக் காற்றில் இருப்பதெல்லாம் பனிக்கட்டி என்று எண்ணிவிடாதே.

ஆனால் ஷீபாவோடு ஆர்க்டிக் கேள்வி முடிந்துவிட்டது என்று சிலர் எடுத்துக்கொண்டது அவசரம். கனடாவின் வட கோடியில் எல்ஸ்மியர் தீவில் யுரேகா என்ற நிலையம் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். 2009-இல் அங்கிருந்து கிளென் லெசின்ஸும் சகாக்களும் தந்த அளவீடுகள் வேறு கதை சொல்லின. மலை முகடுகளிலிருந்து காற்று அள்ளிவந்த பழைய பனித்துகள்கள் பள்ளத்தாக்கில் மிதந்து, பார்ப்பவருக்கு வைரத்தூளாகவே தெரிந்தன. அவை தரைக்கு அனுப்பிய அகச்சிவப்புக் கதிர் கணிசமாக இருந்தது. திறந்த கடற்பனியில் பெற்ற எண்ணை மலைசூழ்ந்த தீவுக்குப் பொருத்த முடியாது என்பது ஒரு பாடம். இன்னொன்று இன்னும் அடிப்படையானது. காற்றிலிருந்து புதிதாய்ப் பிறந்த படிகம், மேகத்திலிருந்து உதிர்ந்த படிகம், தரையிலிருந்து கிளம்பிய பழம்பனி ஆகிய மூன்றும் வானிலைக் குறிப்பில் ஒரே குறியீட்டுக்குள் புகுந்துவிடுகின்றன. குறியீட்டை எண்ணிக் கிடைக்கும் புள்ளிவிவரத்தின் மேல் எழுப்பிய கட்டடம் எதுவும் அந்தக் கலப்பை முதலில் பிரித்தாக வேண்டும்.

தெற்கே அந்தப் பிரிப்பை முன்னெடுத்தவர்கள் படிகங்களையே பிடித்துப் படமெடுத்தார்கள். வான் வால்டன், ஸ்டீபன் வாரன் ஆகியோர் தென் துருவத்தில் 1992 குளிர்காலத்தில் சேகரித்த படிகங்களை அளந்து, 2003-இல் வெளியிட்டார்கள். எண்ணிக்கையில் பெரும்பங்கு, காற்று அடித்துவந்த உருண்டை முனைகொண்ட பழம்பனிக்கும் கூர்முனைகொண்ட வைரத்தூளுக்கும் உரியதாக இருந்தது. பால் லாசனின் குழு தானியங்கிப் படிகக் கேமராவைக் கொண்டுவந்து, மேகத்தில் பிறந்த ரோஜாக்கொத்து வடிவங்களையும் தரையொட்டிய அடுக்கில் பிறந்த தட்டு, தூண் வடிவங்களையும் பிரித்துக் காட்டியது.

இனி எடை. எனக்கு இந்தத் துறையின் உயிர்நாடி இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையத்தில் ஓராண்டில் சேரும் பனியைத் தண்ணீராக்கினால் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும். கான்கார்டியாவில் சற்றுக் கூடுதல். கடலோரப் புயல்கள் இவ்வளவு உள்ளே ஆண்டுக்கு ஒரு சில முறைதான் எட்டிப்பார்க்கின்றன. மற்ற நாட்களெல்லாம் வானம் தெளிவு. அந்தத் தெளிந்த நாட்களில் உதிர்வதே வைரத்தூள். ஒரு நாளில் உதிர்வது ஒன்றுமில்லை என்றாலும், ஆண்டு மொத்தமே இரண்டு சென்டிமீட்டராக இருக்கும் இடத்தில் அது கணக்கில் பெரிய பங்கு. ஜப்பானியர்கள் 3810 மீட்டர் உயரத்தில் அமைத்த டோம் ஃபூஜி நிலையத்தில், 2003-இல் தொடங்கி ஓராண்டு முழுவதும் நாள்தோறும் விழுந்த பனியைச் சேகரித்தார்கள். ஆண்டு மொத்தத்தில் பாதி, மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களில் வந்து விழுந்திருந்தது. மீதிப் பாதியை வைரத்தூள் தந்திருந்தது. வட துருவத்தில் வெப்பக் கணக்கில் புறக்கணிக்கத்தக்கது என்று தீர்ப்புப் பெற்ற அதே பொருள், இங்கே உலகின் மிகப் பெரிய பனிப்பாறையின் நடுப்பகுதிக்குப் பாதி உணவு.

ஆனால் இந்தப் பாதியை அளப்பது எளிதல்ல. கிளவுட்சாட் செயற்கைக்கோளின் ரேடாரைக் கொண்டு அண்டார்டிகப் பனிப்பொழிவுக்கு முதல்முறையாக முழுமையான விண்வெளிக் கணக்குப் போட்டபோது ஆண்டுச் சராசரி 171 மில்லிமீட்டர் என்று வந்தது. அந்த ரேடார் தரையின் எதிரொலியால் குழம்புவதால், தரையை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலான அடுக்கை அதனால் பார்க்க முடியாது. வைரத்தூள் பிறந்து விழுவதே பெரும்பாலும் அந்த அடுக்குக்குள்தான். அதோடு அதன் சுற்றுப்பாதை 82 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் செல்லவில்லை. தென் துருவம் அதன் கண்ணில் படவே இல்லை.

தரையில் இருந்தவர்கள் கண்ட வழிகள் எளிமையானவை. எளிமைதான் அவற்றின் பெருமை. கான்கார்டியாவில் தரைக்கு மேல் உயர்த்திவைத்த பலகைகளில் விழுந்ததை ஒவ்வொரு நாளும் ஒருவர் போய்ச் சேகரிக்கிறார். மைனஸ் 70-இலும் போகிறார். மாஸ்ஸிமோ டெல் குவாஸ்டா அதே இடத்தில், அலுவலகங்களில் ஆவணம் நகலெடுக்கும் சாதாரண மேசை ஸ்கேனர் ஒன்றை வெட்டவெளியில் பொருத்தினார். அதன் கண்ணாடியில் விழும் படிகங்களை ஸ்கேனர் மணிக்கு ஒருமுறை படமெடுக்கும். பிறகு கண்ணாடி சூடேறிப் படிகங்கள் பதங்கமாகிவிடும். அடுத்த மணிக்குத் துடைத்த தட்டாக மீண்டும் காத்திருக்கும். 2014 முதல் சேர்ந்த படங்களை, கணினிக்குக் கற்றுக்கொடுத்து, வடிவவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும் பொருட்செலவில் செய்த பல கருவிகள் தராத தொடர் பதிவு இது.

ஈரத்தை அளப்பதிலும் ஒரு பெரிய திருத்தம் நேர்ந்தது. பல பத்தாண்டுகளாகப் பீடபூமி நிலையங்களின் ஈரமானிகள், காற்று அதிகபட்சம் நூறு சதவீதம் தெவிட்டியிருப்பதாகவே காட்டிவந்தன. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதிச் சுவரில் வெண்பனி ஏறுவதுபோல், அதிதெவிட்டிய காற்று கருவியின் மேலேயே பனியாகப் படிந்து, மிகை ஈரத்தை அங்கேயே இழந்துவிட்டு, வெறும் நூறு சதவீதக் காற்றாக உணரியை அடைந்துகொண்டிருந்தது. கிறிஸ்தோஃப் ஜான்தோன் தலைமையிலான குழு, உள்ளிழுக்கும் காற்றை முதலில் சூடாக்கி, பனி படியாமல் அளந்தபோது, கான்கார்டியாவில் அதிதெவிட்டல் அரிய நிகழ்வு அல்ல, அங்கே அதுவே வழக்கம் என்பது வெளிப்பட்டது. 2017-இல் இது அச்சில் வந்தது. பல ஆண்டுத் தரவு ஒரே நேரத்தில் சந்தேகத்துக்கு உள்ளானது. தரைக்கும் காற்றுக்கும் இடையே ஆவி எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற கணக்குகள் எல்லாம் அந்தத் தரவையே நம்பியிருந்தன.

இதெல்லாம் சில விஞ்ஞானிகளின் உள்விவகாரம் அல்ல. பூமியின் பழைய தட்பவெப்பத்தைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பெரும்பகுதி இந்தப் பீடபூமியைத் துளைத்து எடுத்த பனித்தண்டுகளிலிருந்து வந்தது. வோஸ்டாக் தண்டு 4,20,000 ஆண்டுகளைத் தந்தது. டோம் சி என்ற இடத்தில், இப்போது கான்கார்டியா நிலையம் இருக்கும் அதே மேட்டில், ஐரோப்பியர்கள் எடுத்த தண்டு 8,00,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. அதன் அருகே தோண்டிய இன்னொரு குழி 2025 ஜனவரியில் 2800 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறையைத் தொட்டது. 12 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பனி வெளிவந்தது. பனியில் உள்ள ஆக்ஸிஜன்-18, டியூட்டீரியம் ஐசோடோப்புகளின் விகிதமே அங்கே வெப்பமானி. குளிரில் உருவான பனியில் கனமான ஐசோடோப்பு குறைவாக இருக்கும்.

இந்த வெப்பமானி எந்த நாட்களின் வெப்பநிலையைப் பதிவு செய்கிறது? புயல் கொண்டுவந்து கொட்டும் பனி, வழக்கத்தைவிடச் சூடான நாட்களுக்கு உரியது. மேகம் போர்வையாகிறது, காற்று தலைகீழ் அடுக்கைக் கலைத்துவிடுகிறது. வைரத்தூளோ மிகக் குளிர்ந்த, அமைதியான, தெளிந்த நாட்களின் சாட்சி. ஒரு பனிப்படலத்தில் இரண்டும் பாதிப் பாதி இருந்தால் கிடைக்கும் சராசரி ஒன்று, கால்வாசி வைரத்தூள் என்றால் சராசரி வேறொன்று. பனியுகத்தில் புயல்களின் பாதை மாறி, இந்தப் பங்கும் மாறியிருந்தால், தட்பவெப்பம் மாறாமலேயே ஐசோடோப்பு மாறியதுபோல் தெரியலாம். அல்லது மாறிய அளவு கூடுதலாகவோ குறைவாகவோ தெரியலாம். அதிதெவிட்டிய காற்றில் வளரும் படிகம் இலேசான, கனமான மூலக்கூறுகளைச் சமநிலை விதிப்படி ஏற்பதில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும். விழுந்த பிறகும் ஓயாது. மேற்பரப்புப் பனி கோடையில் பதங்கமாகிறது, இரவில் மீண்டும் உறைபனியாகப் படிகிறது, இதனால் முதல் எழுத்தின் மேல் இரண்டாம் எழுத்து எழுதப்படுகிறது. இவற்றைக் காரணம் காட்டிப் பனித்தண்டுகளை நம்ப வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பனியுகங்களின் வருகையும் போக்கும், அவற்றின் காலமும் வரிசையும் பல சான்றுகளால் உறுதிப்பட்டவை. திருத்தப்பட வேண்டியது டிகிரிக் கணக்கு. அந்தத் திருத்தம் கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூளின் பங்கை அறியாமல் நடக்காது.

ஆகவே வைரத்தூள் முக்கியமானதா என்ற கேள்விக்கு என் விடை இது. ஆர்க்டிக்கின் திறந்த கடற்பனியில், வெப்பக் கணக்கில், முக்கியமானது அல்ல. மேலேயுள்ள திரவ நீர் மேகமே அங்கு ஆள்கிறது. மலைசூழ்ந்த தீவுகளில் வழக்கு இன்னும் முடியவில்லை. அண்டார்டிகப் பீடபூமியில் அது பனிப்பாறையின் வரவுக் கணக்கிலும், பழங்காலப் பதிவிலும் தவிர்க்க முடியாத பங்காளி. காற்று வெப்பமாகும்போது கடலிலிருந்து அதிக ஈரம் உள்ளே வரும், புயற்பனி கூடும், கடல்மட்ட உயர்வை அது ஓரளவு ஈடுகட்டும் என்று மாதிரிகள் எதிர்பார்க்கின்றன. அந்தக் கணக்கில் புயல் நாட்களை மட்டும் சரியாகப் போட்டு, தெளிந்த நாட்களை விட்டுவிட்டால், பீடபூமியின் பாதி வரவு கணக்கில் வராது.

தானியங்கி நிலையங்கள் பெருகப் பெருக, குளிர்கால இரவில் வெளியே சென்று பலகையில் விழுந்ததை லென்ஸ் வழியாகப் பார்க்கும் ஆட்கள் குறைகிறார்கள். இந்த வேலைக்குச் செலவு அதிகம், பெயர் குறைவு. ஆனாலும் லைடார், ஸ்கேனர், மனிதக் கண் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து இயங்கிய இடங்களில்தான் இதுவரையான குழப்பங்கள் தீர்ந்திருக்கின்றன. துருவ ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் நாடுகள், இந்தியாவும் அவற்றில் ஒன்று, குளிர்காலக் கைப்பதிவைத் தேவையற்ற செலவாகக் கருதி நிறுத்திவிடக் கூடாது. மாதிரிகளைப் பற்றியும் ஒரு சொல்: அதிதெவிட்டலை அனுமதிக்காமல், நூறு சதவீதத்தைத் தாண்டிய ஈரத்தை உடனே பனியாக்கிக் கொட்டிவிடும் மாதிரி எதுவாயினும், அண்டார்டிகப் பீடபூமியின் பனிப்பொழிவுக்கு அது தரும் எண்ணை ஏற்கக் கூடாது.